பூசணி வைத்த பாத்தி

புழுக்கள் தீனி வைத்த பக்கம் வரவில்லை.

நனைந்த சாக்கை விலக்கிவிட்டுக் கஸ்தூரி குனிந்து பார்த்தாள். போன திங்கட்கிழமை வைத்த கீரைத்தண்டும் தேயிலைச் சக்கையும் வைத்தது வைத்தபடி கிடந்தன. தண்டு கொழகொழத்து, அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. குச்சியால் கிளறினாள். ஒரு புழு இல்லை. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதாம். மண்புழுவுக்கு அந்த மாதிரிக் கௌரவமெல்லாம் கிடையாது. தீனி எங்கேயோ புழு அங்கே. அதை நம்பித்தான் உரம் எடுக்கிற வேலையே நடக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் மூன்று பாத்திகள். சிமெண்டுக் கல்லை மூன்று வரிசை அடுக்கிக் கட்டியவை, ஒவ்வொன்றும் பத்தடி நீளம். ஒரு முனை வீட்டுச் சுவர்ப் பக்கம், மறு முனை வேலிப் பக்கம். வேலிக்கு அப்பால் பெரிய வாய்க்கால், அதற்கும் அப்பால் செம்பனைத் தோட்டம். சுவர்ப் பக்கத்துத் தீனி தீர்ந்து எல்லாம் கறுப்பு உரமாகிவிட்டால், வேலிப் பக்கம் புதுத் தீனி வைக்கவேண்டும். ஐந்தாறு நாளில் புழுக்கள் மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து அங்கே குடிபோய்விடும். காலியான பக்கத்து உரத்தை அள்ளிக்கொள்ளலாம். மூன்று வருடமாக ஒரு தடவைகூட இது தவறியதில்லை.

கஸ்தூரி அந்த மூன்றாவது பாத்தியின் சுவர்ப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்த சாக்கைத் தூக்கினாள். அங்கே இருந்தன. எல்லாம் அங்கேதான் இருந்தன. தின்ன ஒரு தோல்கூட இல்லாத அந்த மூலையில், கல்லோடு கல்லாக, ஒரு சாண் கனத்துக்கு அப்பிக்கொண்டிருந்தன. மற்ற நேரமாக இருந்தால் வெளிச்சம் பட்டதும் சரசரவென்று மண்ணுக்குள் போய்விடும். இவை போகவில்லை. அத்தனை தலையும் ஒரே திக்கில், சுவரைப் பார்த்து இருந்தது. அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் அவள் கணவர் ஹேமநாதனின் கட்டில்.

"என்ன கஸ்தூரி, அவங்கல்லாம் குடி போயிட்டாங்களா?" ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது. புழுக்களை அவர் மரியாதையாகத்தான் சொல்வார்.

"இன்னும் இல்லைங்க. மழை லா. குளிருக்குச் சுருண்டு கெடக்குறாங்க."

"தண்ணி நிக்குதா பாரு. அட்டைப்பெட்டியக் கிழிச்சுப் போடு."

"சரிங்க."

அவர் சொன்னபடி செய்தாள். சாக்கை மூடும்போது உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஊறவைத்த அரிசியைக் கையால் மெதுவாகக் கிளறுகிற மாதிரி. புழுக்கள் நிறைய இருந்தால் அப்படிக் கேட்கும், புதிதில்லை. ஆனாலும் அவள் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

ஹேமநாதன் முப்பத்தோரு வருடம் ரெங்கம் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் பாய்லர் பார்த்தவர். வேலை ஓய்ந்ததும் சும்மா இருக்க முடியாமல் ஒரு வாளிப் புழுவோடு ஆரம்பித்து, மூன்று பாத்தி வரைக்கும் கொண்டுவந்தார். ஏப்ரல் மாதம் ஒரு காலையில் மூன்றாவது பாத்தியில் உரம் அள்ளிக்கொண்டிருந்தவர் இடது பக்கமாக அதற்குள்ளேயே சரிந்தார். கஸ்தூரி மீன் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கும்போது அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஸ்ட்ரோக். பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பியது. கால் ஓரளவு திரும்பியது. இடது கை மட்டும் வரவில்லை. ஆறு மாதத்துக்குள் எது வருகிறதோ அதுதான் வரும் என்று டாக்டர் சொன்னார். இது எட்டாவது மாதம்.

அந்தக் கை ஒரு தலையணைமேல் யாரோ விட்டுப்போன பொருளாகக் கிடக்கும். அதைத் துடைத்துவிடுவாள், எண்ணெய் தேய்ப்பாள், நகம் வெட்டுவாள். ஹேமநாதன் பிடிவாதக்காரர். "ஜனவரிக்குள்ள இந்தக் கை வரலன்னா என்னைக் குளுவாங் முதியோர் ஹோம்ல சேர்த்துடு" என்று தீபாவளியன்றே சொல்லிவிட்டார். ஹோமுக்குப் போன் பண்ணி, தன் பெயரையும் அவரே கொடுத்துவிட்டார். "உனக்கும் அறுபது ஆவுது. என்னைத் தூக்கித் தூக்கி நீ விழுந்தா ரெண்டு பேரையும் யார் பாக்குறது?" பிள்ளை குட்டி கிடையாது. அவர் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் மூன்று பாத்தியும்தான்.

ஆகவே அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: அந்தக் கை அசையவேண்டும். வேறு எதையும் அவள் நினைப்பதில்லை. நினைக்க முடியவும் இல்லை. எட்டு மாதத்தில் மனசு மரத்துப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் திருடன் வந்தான் என்றபோதும் பயம் வரவில்லை, தங்கை மகள் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டபோதும் கோபம் வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், புழுவுக்குத் தீனி வைத்தாள்.

பூசணிக்காய் விஷயத்தையும் இங்கே சொல்லிவிடவேண்டும். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "கண்ணு பட்டுடுச்சு, கழிப்புக் கழிச்சுப் போடு" என்றார்கள். அமாவாசைதோறும் ஒரு வெண்பூசணி வாங்கி, குங்குமம் தடவி, மேலே சூடம் ஏற்றி, அவரைச் சுற்றி மூன்று தடவை எடுத்து, முச்சந்தியில் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். முதல் தடவை அப்படித்தான் செய்தாள். மறுநாள் காலையில் எதிர்வீட்டுச் சீனரின் மோட்டார் சைக்கிள் அதில் வழுக்கி, பெரிய ரகளையாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்கு முச்சந்திக்குப் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றிய காயைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டில் நின்றாள். மண்புழுவுக்குப் பூசணி என்றால் உயிர். ஒரு காயை வீணாக்குவானேன் என்று தோன்றிற்று. புழுவுக்குக் குங்குமம் ஆகாது என்று அந்த இடத்தை வழித்து எறிந்தாள், சூடம் எரிந்த தோலைச் சீவினாள், நான்காக வெட்டி மூன்றாவது பாத்தியில் புதைத்தாள். நான்கே நாளில் விதைகூட மிஞ்சவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் அங்கேதான். "உங்க மேல இருக்கிறதெல்லாம் இதுல இறங்கட்டும்" என்று சொல்லிச் சுற்றுவாள். இறங்கியதைக் கொண்டுபோய்ப் புழுவுக்கு வைப்பாள். கழித்ததை வீட்டு எல்லைக்குள் வைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் அது ஓணான் என்று தெரிந்துதான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் சமையலறைப் படியில் ஒரு புழு இருந்தது. டிசம்பர் மழை மூன்று நாளாக விடவில்லை. மழைக்குப் புழு வெளியேறுவது வழக்கம்தான். தேங்காய் ஓட்டில் எடுத்துக்கொண்டுபோய்ப் பாத்தியில் விட்டாள். மத்தியானம் ஏழெட்டு இருந்தன. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கதவுக்குக் கீழிருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, வெள்ளை டைல்ஸின் ஓரமாக, ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மழைக்கு ஓடுகிறவை திக்குத் திசை தெரியாமல் சிதறும், வெயில் பட்டுக் காய்ந்து சாகும். இவை சிதறவில்லை. அடுப்பைத் தாண்டி, குளியலறையைத் தாண்டி, நேராக அவர் அறைக் கதவை நோக்கிப் போயின. கஸ்தூரி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி அள்ளினாள்.

பக்கத்து வீட்டுப் பரக்கத் நிஷாவின் கணவர் டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். தினமும் தேயிலைச் சக்கையை ஒரு பையில் கட்டி வேலி வழியாகக் கொடுப்பாள். புதன்கிழமை கொடுக்கும்போது கஸ்தூரி புழு வந்ததைச் சொன்னாள்.

"மழைக்குத்தான் க்கா. வேற என்ன?" என்றாள் நிஷா. பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஆனா எங்க பக்கம் ஒண்ணுகூட வரலியே. இந்த வேலி தாண்டினா எங்க வீடுதானே? தண்ணிக்கு ஓடுறது எல்லாப் பக்கமும்தானே ஓடும்?"

"தெரியல நிஷா."

"உங்களுக்கு மூஞ்சியே சரியில்ல க்கா. நீங்க தூங்குறீங்களா இல்லியா?"

"தூங்குறேன். நல்லாத்தான் தூங்குறேன்."

அது உண்மைதான். நன்றாகத்தான் தூங்கினாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு லோஷினி வந்தாள். புதனும் சனியும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண். வாய் ஓயாமல் பேசுகிறவள், அறைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"ஆண்டி, ரூம்ல மண் வாசனை அடிக்குது. கூரை ஒழுகுதா?"

ஒழுகவில்லை. கஸ்தூரிக்கும் இரண்டு நாளாக அந்த வாசனை தெரிந்துதான் இருந்தது. மருந்தெண்ணெயும் பழைய போர்வையும் கலந்து அடிக்கிற அந்த அறையில், சாக்கை விலக்கினால் பாத்தியிலிருந்து எழும்புகிற அதே குளிர்ந்த, இனிப்பான, ஈர வாசனை. கெட்ட நாற்றம் இல்லை. நல்ல உரத்துக்கு அதுதான் அடையாளம் என்று ஹேமநாதன் கைநிறைய அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

லோஷினி இடது கையைத் தூக்கினாள். "அங்கிள், கை என்ன இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு? ஃபேனை ஃபுல்லா வச்சிருந்தீங்களா?"

"இல்லம்மா. ஆனா எனக்கே குளிர்ச்சி தெரியுது. நேத்துலருந்து தெரியுது" என்றார் அவர்.

"தெரியுதா?" அவள் முகம் மலர்ந்தது. ஒரு ஊசியை எடுத்து அவர் புறங்கையில் மெதுவாகக் குத்தினாள். "இது தெரியுதா?"

"தெரியல."

"இது?"

"தெரியல. ஆனா உள்ள குறுகுறுன்னு இருக்கு."

சுண்டுவிரல் அசைந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள். கொஞ்சம் உயர்ந்தது, பக்கவாட்டில் வளைந்தது, பிறகு அடங்கியது.

"அலமாக்!" லோஷினி கையைத் தட்டினாள். "அங்கிள், நீங்களா அசைச்சீங்க?"

"நான் அசைக்கலம்மா. அதுவா அசைஞ்சுது."

"சில பேருக்கு லேட்டா வரும். செவ்வாய்க்கிழமை கிளினிக் அப்பாயிண்ட்மென்ட் இருக்குல்ல, டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க." சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் நாடி பார்த்தாள். விரலை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை மாற்றினாள். பிறகு போய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

அவள் போனதும் ஹேமநாதன் அழுதார். "வருது கஸ்தூரி. ஹோமுக்கு நாளைக்கே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடலாம்." கஸ்தூரி அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். எட்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தாள். சந்தோஷப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. காய் நறுக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவரைப் புரட்டிப் போர்வை மாற்றும்போது, இடது முழங்கைக்கு அடியில் பன்னிரண்டு புழுக்கள் இருந்தன. ஈரமாக, செந்நிறமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. வலது பக்கம் ஒன்றும் இல்லை. போர்வையில் தேயிலைத் தூள் கொட்டினது போலக் கறுப்பாகச் சிறு மணிகள் கிடந்தன. ஒன்றை விரலில் எடுத்து நசுக்கினாள். மூன்று வருடமாகச் சல்லடையில் சலித்துச் சலித்துப் பழகிய பொருள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். புழு உரம். புதிது. இன்னும் காயவில்லை.

தின்னாமல் அது வராது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் இல்லை, ஓட்டை இல்லை, கீறல்கூட இல்லை. தோல் நன்றாகத்தான் இருந்தது, பளபளவென்றுகூட இருந்தது. நகங்களுக்கு அடியில் மட்டும் கறுப்புக் கோடு. குச்சியால் எடுத்தாள். மழை வாசனை அடித்தது.

"என்ன பாக்குற?" என்றார்.

"நகத்துல அழுக்குங்க."

"அழுக்கா? இந்தக் கை எட்டு மாசமா என்ன வேலை செஞ்சுது, அழுக்கு சேர?" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"ஏங்க, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"எதுக்கு? வர்ற கையைப் போய் ஏன் வந்தேன்னு கேக்கவா?" அவர் வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், குழந்தையை வைத்துக்கொள்வதுபோல. "செவ்வாய்க்கிழமை போறோம்தானே. அதுவரைக்கும் இதைத் தொந்தரவு பண்ணாத."

அவள் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகவே இழுத்தாள். சாயங்காலம் இரண்டு பாக்கெட் கல்லுப்பைப் பிரித்து, சமையலறைக் கதவின் குறுக்கே விரல் தடிமனுக்குக் கோடு போட்டாள். உப்பு பட்டால் புழு துடித்துச் செத்துவிடும். அவர் பார்த்துப் பார்த்து வளர்த்தவற்றைக் கொல்ல அவள் உப்புப் போடுகிறாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உப்புக் கோடு போட்டது போட்டபடி இருந்தது. ஒரு புழு செத்துக் கிடக்கவில்லை. படியில் இல்லை, டைல்ஸில் இல்லை. அப்பாடா என்று இருந்தது. காப்பி கலக்கி அவருக்குக் கொடுத்துவிட்டு, பாத்தியைப் பார்க்கப் போனாள். மழை விட்டிருந்தது. செம்பனை ஓலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

மூன்றாவது பாத்தியின் சாக்கைத் தூக்கினாள். சுவர்ப் பக்கம் புழு இல்லை. வேலிப் பக்கம் வைத்த தீனி அப்படியே இருந்தது, அங்கும் இல்லை. கையால் தோண்டினாள். முழங்கை வரைக்கும் விட்டுத் தோண்டினாள். வழவழவென்று கறுப்பு உரம். அதற்குள் ஒன்றும் இல்லை. இரண்டாவது பாத்தியைத் தோண்டினாள். முதல் பாத்தியைத் தோண்டினாள். ஒரு குஞ்சுப் புழு இல்லை. கடுகு மாதிரி இருக்கும் முட்டைகூட இல்லை. ஆயிரக்கணக்கில் இருந்தவை. மூன்று வருடப் பெருக்கம்.

அரிசி கிளறுகிற சத்தம் கேட்டது.

பாத்தியிலிருந்து வரவில்லை. ஜன்னலிலிருந்து வந்தது.

"கஸ்தூரி!" என்று கூப்பிட்டார். "கஸ்தூரி, ஓடி வா!"

அவள் ஓடவில்லை. கை முழுக்க மண்ணோடு, சமையலறைக் கதவைத் தாண்டி, உப்பை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

ஹேமநாதன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். அவருடைய இடது கை தோளுக்கு மேலே உயர்ந்து நின்றது. யாரும் பிடிக்காமல். தானாக.

"பாரு, பாரு" என்றார். "பாத்தியா? நீ சுத்திப் போட்டதெல்லாம் வீண் போகல."

கை இறங்கி வந்து காப்பிக் கிளாஸை எடுத்தது. கொட்டாமல் எடுத்தது. விரல்கள் கிளாஸைச் சுற்றி மூடின. மூடின விதத்தைக் கஸ்தூரி பார்த்தாள். மனுஷ விரல் மூன்று இடத்தில் மடங்கும். அவை அங்கே மடங்கவில்லை. அடியிலிருந்து நுனி வரைக்கும் வளைந்தன. தோலுக்குக் கீழே மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஒரு அலை போயிற்று. திரும்பி வந்தது.

"நீங்க பண்றீங்களா?" என்று கேட்டாள். தன் குரல் யாருடையதோ என்று இருந்தது. "நீங்க நெனச்சு அசைக்கிறீங்களா?"

"யார் அசைச்சா என்னடி? அசையுதுல்ல!"

அசைந்தது. அதை மறுக்க முடியாது. அவள் கேட்டது அது ஒன்றுதான், அது கிடைத்துவிட்டது. போன் மேசைமேல் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வந்து பார்ப்பார்கள். பார்த்தால் வெட்டுவார்கள். வெட்டினால் கை போகும், அவரும் ஹோமுக்குப் போவார். இதையெல்லாம் அவள் வரிசையாக யோசித்தாள், மிகவும் நிதானமாக. பிறகு ஹோமுக்குப் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரர் வரலைங்க, அவருக்குக் கை வந்துடுச்சு" என்றாள். அந்தப் பக்கம் இருந்த பெண் வாழ்த்துச் சொன்னாள்.

அன்று பகல் முழுக்க அவர் கையோடு விளையாடிக்கொண்டிருந்தார். தட்டைத் தூக்கினார், கட்டில் கம்பியைப் பிடித்தார், போர்வையை மடித்தார். சாயங்காலம் ஆக ஆகப் பேச்சு குறைந்தது. கை குறையவில்லை. "கொஞ்சம் அலுப்பா இருக்கு" என்றார். "தோள் வரைக்கும் குளிருது. ஆனா நல்லாருக்கு." விளக்கு வைக்கும் நேரத்தில், "நெஞ்சுல குறுகுறுன்னு இருக்கு" என்றார்.

"டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். நீ வந்து பக்கத்துல படு. ரொம்ப நாளாச்சு."

படுத்தாள். அவருக்கு இடது பக்கம்தான் இடம் இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அவள் அந்தக் கட்டிலில் படுத்ததில்லை. கை அவளைச் சுற்றி வந்தது. குளிர்ந்து, கனமாக, ஈரமாக. அவள் எதிர்பார்த்த பயம் வரவில்லை. மண் வாசனையை முகர்ந்துகொண்டே தூங்கிப்போனாள்.

விடிந்தபோது ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் இருந்தது. மறுபடி மழை. கஸ்தூரி அசையாமல் படுத்துக் கேட்டாள். கூரையில் மழைச் சத்தம். அதற்குக் கீழே அரிசிச் சத்தம். அதற்குக் கீழே இன்னொன்று இருந்திருக்கவேண்டும். முப்பத்தைந்து வருடமாக அவள் பக்கத்தில் கேட்ட சத்தம். அது இல்லை.

திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணும் கொஞ்சம் திறந்திருந்தது. வலது கன்னத்தைத் தொட்டாள். விறைத்திருந்தது. வலது கையும் விறைத்துப்போயிருந்தது. உயிர் போய் நெடுநேரம் ஆகியிருக்கவேண்டும்.

இடது கை அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது.

தட்டியது. நிறுத்தியது. தட்டியது. தூக்கத்தில் பிள்ளை அழுதால் தட்டுவார்களே, அந்த அளவுக்கு மெதுவாக. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கை விடவில்லை. இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் நெஞ்சின்மேல் கிடந்த போர்வை, மூச்சே இல்லாமல், அங்கங்கே உயர்ந்து அங்கங்கே தாழ்ந்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. வாசலில் கேட்டை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆண்டி! கேட்டைத் தொறங்க, நனையுறேன்!" லோஷினியின் குரல். "அங்கிள் கை எப்படி இருக்கு இன்னைக்கு? அசையுதா?"

கஸ்தூரி வாயைத் திறந்தாள். எட்டு மாதமாக உள்ளே எங்கேயோ அடைத்துக்கிடந்தது அப்போதுதான் உடைந்தது. நெஞ்சு வலித்தது. அவர் போய்விட்டார் என்பது புரிந்தது, அழுகை வந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கோரமாக இறங்கியது.

"அசையுதும்மா" என்றாள். "நல்லா அசையுது."

தட்டுவது நின்றது. ஐந்து விரல்களும் அவள் தோளிலிருந்து கழுத்துக்கு ஏறின. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், தனித்தனியாகத் தடவிக்கொண்டு, கன்னத்துக்கு வந்தன. ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடி, கண்ணோரத்தில் அதைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றன.